சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

ஜூலை 28

எங்கள் பாலிடெக்னிக்கில் மெஷின் லேப் சார் ஒரு விதி வைத்திருக்கிறார். எந்த மோட்டார் கெட்டு வந்தாலும் உடனே கழற்றாதே. முதலில் பார்த்ததை எழுது. சத்தம், சூடு, நாற்றம், எப்போது ஆரம்பித்தது. எழுதி முடித்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

அதனால் எழுதுகிறேன். நான் டைரி எழுதுகிற ஜாதி இல்லை. மூன்றாம் வருஷம் எலக்ட்ரிகல். கவிதை வராது.

பழுது: சோர்வு. ஆரம்பம்: ஏப்ரல் போல, சரியாகத் தெரியவில்லை. தூங்கினால் போகிறதா: இல்லை. தூக்கம் வருவது வேறு, இது வேறு. தூக்கத்துக்குத் தூங்கினால் போதும். இது தூங்கி எழும்போதே எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்பாவின் கருத்து: "ராத்திரி பூரா செல்ல நோண்டறது, பகல்ல பொணமாட்டப் படுத்துக்கறது."

செல்லைக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் அவர் பீரோவில் இருந்தது. ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே செல் காரணம் இல்லை. அப்பா இந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு வாரத்துல என்ன தெரியும்?" என்றார். செல் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

ஜூலை 30

பஸ்ஸில் என் ஸ்டாப்பைப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தேன். இறங்க எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 5

குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். கையில் சொம்பு. தொட்டியில் தண்ணீர். மொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அம்மா கதவைத் தட்டினாள். "உள்ள குடித்தனமா நடத்தறே? டேங்க்குத் தண்ணி பூரா காலியாகுதுடா!"

ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கல்லூரியில் ரியாஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மோந்து பார்த்தான். முதல் வருஷத்திலிருந்து ஒரே பெஞ்ச். "என்றா மாப்ள, மூஞ்சி செத்த எலியாட்ட இருக்குது? வாசமும் அப்படித்தான் வருது."

"குளிச்சேன்டா."

"எந்த மாசம்?"

சிரித்திருக்க வேண்டும். சிரிப்பதற்கு முகத்தில் எத்தனை தசை வேலை செய்கிறது என்று யாராவது கணக்கெடுத்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் நகரவில்லை. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் ரெக்கார்டு நோட்டை எடுத்து மிச்சப் படத்தை வரைந்து கொடுத்தான்.

ஆகஸ்ட் 11

இன்று எனக்குப் பதினெட்டு வயது முடிந்தது. கோவையில் வேலை பார்க்கும் கோகிலா அக்கா பணம் அனுப்பியிருந்தாள், சட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி. எடுக்கவில்லை. லேபில் ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இன்னும் நாலைந்து.

எல்லாம் நார்மல்.

ஏதாவது ஒன்று கெட்டிருக்கும் என்று நம்பியிருந்தேன். ஏதாவது ஒரு வரியில் கறுப்பு மையில் தடித்து ஒரு எண் இருக்கும், அதைக் காட்டலாம் என்று. தாளின் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் வாங்கிப் படித்தார். கடையில் மோட்டார் ரீடிங்கைப் படிக்கிற அதே முகம். "எல்லாம் நார்மல்னு போட்டிருக்கானே. அப்பறம் என்ன நோவு? கொழுப்பு."

"உன்னய வயித்துல வெச்சுட்டு மில்லுல ரெண்டு ஷிப்ட்டு பாத்தவடா நானு," என்றாள் அம்மா. "எனக்கு வராத அசதி உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

அது எனக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான் ரத்தம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17

ஞாயிறு. அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போக வேண்டிய நாள்.

தென்னந்தோப்புக்காரர் ஆறுச்சாமி இந்த வருஷத்திலேயே மூன்றாவது தடவையாக அதே மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் எரிந்து கரிக்கட்டை. கூடவே ஸ்டார்ட்டரும் வந்திருந்தது. அப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். லோடு தாங்காதபோது தானாக மோட்டாரை நிறுத்துகிற ரிலே ஒன்று ஸ்டார்ட்டரில் இருக்கும். அது விழ முடியாதபடி ஆறுச்சாமி சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்தார்.

"ஏனுங்ணா, இதென்ன வேல?"

"ட்ரிப்பாயிட்டே இருக்குதுங் தம்பி. போட்டுப் போட்டுக் கையி ஓஞ்சு போச்சு. மரத்துக்குத் தண்ணி பாய வேண்டாமுங்ளா?"

"அது சும்மாவா ட்ரிப்பாகுது? என்னால முடீலன்னு சொல்லுது. ஏன் முடீலன்னு பாக்கறத உட்டுப்போட்டு வாயக் கட்டி ஓட்டுனா, உள்ள வெந்து சாகாம என்னங்ணா பண்ணும்?"

"நான் மோட்டாரு சோம்பேறித்தனம் பண்ணுதுன்னுல்ல நெனச்சனுங்க."

கடையே சிரித்தது. நான் மூலையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போனது. அப்பா திரும்பினார். "எங்கடா நெனப்பு, சோம்பேறி? மறுக்கா முதல்ல இருந்து சுத்து."

முதலிலிருந்து சுற்றினேன்.

சாயங்காலம் பேனல் போர்டில் ஒரு ஒயர் மாற்றச் சொன்னார். கரண்ட் வராதபடி மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையை முடித்தேன். இந்தக் கடையில் இருக்கிற ஒரே சட்டம் இது. லைனில் யார் கை வைக்கிறானோ, கட்டைகள் அவன் பையில் இருக்க வேண்டும். மேசைமேல் வைக்கக் கூடாது, பக்கத்து ஆளிடம் கொடுக்கக் கூடாது. "கட்ட உன்ற பையில இருந்தா உன்ற உசுரு உன்ற பையில" என்பார் அப்பா. அவருடைய சட்டைப் பைகள் எல்லாம் பீங்கான் கனத்தில் கிழிந்து கிழிந்து, அம்மா இரட்டைத் தையல் போட்டவை. பத்து வயதில் எனக்கு வீட்டுப் போர்டில் பழக்கிவிட்டார். இப்போது மூளை வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும்.

ஆகஸ்ட் 18

கல்லூரிக்குப் போகவில்லை. காரணம் எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 31

அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆடி எப்போது முடியும் என்று காத்திருந்த கூட்டம்.

அம்மா எனக்கும் சட்டை தேய்த்து வைத்திருந்தாள். "மூஞ்சியச் சித்த நல்லா வெச்சுக்க கௌசி. உன்ற அக்காளுக்காகவாச்சும்." வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறேன். மாப்பிள்ளையின் மாமா குரலில்தான் விழித்தேன். "பையனுக்கு ஒடம்புக்கு முடீலீங்ளா?"

"ராத்திரி பூராப் படிப்புங்க," என்றாள் அம்மா. "படி படின்னு சொல்லவே வேண்டாமுங்க. படுறா சாமின்னு நாங்கதான் கெஞ்சோணும்."

அக்கா காபித் தட்டோடு நின்றிருந்தாள். எனக்கு நாலு அரியர் என்பது அவளுக்குத் தெரியும்.

அவர்கள் போன பிறகு அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. எச்சில் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சாதாரணக் குரலில் சொன்னாள்: "உன்னயப் பெத்ததுக்கு அந்த ரெண்டு ஷிப்ட்டோட இன்னொரு ஷிப்ட்டு பாத்திருக்கலாம்."

அதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

செப்டம்பர் 2

ரியாஸ் சொல்லாமல் கொள்ளாமல் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏறு. கேள்வி கேட்டீன்னா கீழ தள்ளி உட்ருவேன்." அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். செவ்வாய்க்கிழமைகளில் மனநல டாக்டர் வருவாராம். அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உன்னய வெச்சுட்டு நான் கூகுள்ல கெடக்கறேன்டா வெண்ண," என்றான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வேகமாகக் கேட்டார், அது எனக்குப் பிடித்தது. தூக்கம், பசி, படிப்பு, முன்பு பிடித்த விஷயங்கள் இப்போதும் பிடிக்கின்றனவா. எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னேன். கடைசியாக, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். அதற்கு மட்டும் "இல்லீங்க" என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"இது டிப்ரஷன் தம்பி. மன அழுத்த நோய். ஒடம்பு அசதியாத்தான் நெறையப் பேருக்கு மொதல்ல தெரியும். சோம்பேறித்தனம் இல்ல, நடிப்பு இல்ல. மாத்திரை வேல செய்ய நாலு வாரமாச்சும் ஆகும். நடுவுல நிறுத்தக் கூடாது. அடுத்த தடவ வீட்ல ஒருத்தரக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும் ரியாஸ், "எங்கப்பா வீட்ல சும்மாதான் இருக்காரு, வேணும்னா வாடகைக்கு எடுத்துக்க" என்றான்.

பழுதுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மாத்திரையை டிராயிங் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 8

அம்மா டிராயிங் பெட்டியைத் திறந்திருக்கிறாள். கல்லூரியிலிருந்து வந்தபோது மாத்திரை அட்டை சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. சோறு போட வேண்டிய இடத்தில்.

சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"மெதுவாப் பேசு," என்றாள் அம்மா. "அவங்க இப்பத்தான் பூ வெக்கறதப் பத்திப் பேசறாங்க. தம்பி பைத்தியத்துக்கு மாத்திர திங்கறான்னு தெரிஞ்சா அவ வாழ்க்க என்னாகறது? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

அப்பாவைப் பார்த்தேன். "உங்களையும் வரச் சொன்னாங்கப்பா."

"நான் எதுக்கு? எனக்கென்ன கேடு? ஒடம்பு வளஞ்சு வேல செஞ்சாத் தானா எல்லாம் சரியாப் போயிரும். நாளைலிருந்து காலேஜ் உட்டதும் நேராக் கடைக்கு வா."

அம்மா மாத்திரைகளை ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிதுக்கிச் சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நிறையத் தண்ணீர். டேங்க் காலியாவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 9

ஆறு நாள் சாப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றுதான் எழுத வந்தேன். ஒன்று இருந்தது. அந்த ஆறு நாளும் நாளைக்கு ஒரு மாத்திரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கலாம். அதற்கு எழுந்திருக்க வேண்டும், குளிக்க வேண்டும், பஸ் ஏற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பிறகு ஒளித்து வைக்க வேண்டும். யாருக்கு முடியும்?

செப்டம்பர் 12

எல்லா ரெக்கார்டு நோட்டுகளையும் முடித்துக் கொடுத்துவிட்டேன். மேசையைச் சுத்தம் செய்தேன். குளித்தேன். ரியாஸின் மல்டிமீட்டர் ரொம்ப நாளாகவே சரியில்லை, என்னுடையதை அவனுக்குக் கொடுத்தேன்.

"உனக்கு?"

"எனக்கு அளக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சந்தோஷம். "இப்பத்தான்டா மனுசனாட்ட இருக்கறே," என்று தட்டில் இன்னொரு தோசை போட்டாள். சாப்பிட்டேன். கடையில் சுற்றிய காயிலில் ஒரு சுற்றுக்கூடத் தப்பவில்லை. அப்பா, "பாத்தியா, நான் சொன்னனல்ல" என்றார். உண்மையில் இந்த இரண்டு மூன்று நாளாகச் சோர்வே இல்லை. எல்லாம் லேசாக இருக்கிறது.

செப்டம்பர் 14

ஆறுச்சாமியின் தோப்பில் மோட்டாரை இறக்கி மாட்டினோம். அப்பா கிணற்று மேட்டில் பைப் ஜாயின்ட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் புது ரிலே மாட்டச் சொன்னார். மாட்டப் போனேன்.

ஃபியூஸ் கட்டைகளை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன்.

கை உள்ளே போவதற்குள் அப்பா வந்துவிட்டார். எதற்கு வந்தார் என்று தெரியவில்லை, ஸ்பானர் எடுக்க வந்திருக்கலாம். கத்தவில்லை. வாசலில் கிடந்த காய்ந்த தென்னை மட்டையை எடுத்து என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். பிறகுதான் போர்டைப் பார்த்தார், என் சட்டைப் பையைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். மூன்று கட்டைகளும் அங்கேயே வெள்ளையாக இருந்தன.

"கட்ட?"

"மறந்துட்டனுங்ப்பா."

கட்டைகளைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆறுச்சாமி எட்டிப் பார்த்து, "என்னுங் தம்பி, முடிஞ்சுதுங்ளா?" என்றார். "இன்னிக்கு வேண்டாமுங்ணா," என்றார் அப்பா. மொபெட்டில் என்னை முன்னால் நிற்க வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார், ஸ்கூல் பிள்ளையை ஏற்றிப் போவதுபோல. ஐந்தே முக்கால் அடி உயரத்துக்கு நான் முன்னால் நின்றால் அவருக்கு ரோடு எப்படித் தெரியும்? முட்டாள்தனம்.

சோர்வினால் ஞாபக மறதி வரும். எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது.

செப்டம்பர் 15

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. தோப்பில் மட்டை விழுந்துவிட்டது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அது பொய் என்று சொல்ல முடியாது.

சோர்வு திரும்பி வந்துவிட்டது. முன்னைவிட மோசம்.

அப்பா கடை போர்டின் ஃபியூஸ் கட்டைகளை வீட்டுக்கு எடுத்து வருகிறார். திருட்டுப் பயமாம். கட்டையை எவன் திருடுவான்? என் டூல் பையும் காணவில்லை. கடைக்கு வர வேண்டாம் என்றார். பத்து நிமிஷம் கழித்து, வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், கடைக்கு வா என்றார். அவர் முதலில் ஒரு முடிவுக்கு வரட்டும்.

செப்டம்பர் 19

ரியாஸ் மல்டிமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "எனக்கு வேண்டாம். இத வெச்சுக்கிட்டு எனக்குச் சோறே எறங்கல." பிறகு, "உன்ற அப்பன் காலேஜ் வாசல்ல வந்து என்னய மடக்கிட்டாருடா. போலீஸாட்ட விசாரிக்கறாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி, மாத்திர, செவ்வாக்கெழம, எல்லாம். அடிக்கறதுன்னா அடிச்சுக்க."

அடிக்கக் கை இல்லை.

சாயங்காலம் சமையல் கட்டில் சத்தம். அம்மா அழுதுகொண்டே, "பூ வெக்கற நேரத்துல இதெல்லாம் வெளிய தெரிஞ்சு, அவங்க வேண்டாம்னுட்டுப் போயிட்டா?" என்றாள்.

"போனாப் போறான் கலாமணி," என்றார் அப்பா.

அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 23

செவ்வாய். விடிந்ததும் அப்பா என்னைக் குளிக்கச் சொன்னார். நான் பக்கெட்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் கதவைத் தட்டவில்லை. தாழ்ப்பாளை மட்டும் போட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். நேரம் கழித்து உள்ளே வந்து, சொம்பை வாங்கி நாலு சொம்பு தலையில் ஊற்றிவிட்டுப் போனார். மோட்டாரைக் கழுவுகிற அதே வேகம். காதெல்லாம் தண்ணீர்.

அம்மா வாசலுக்கு வரவில்லை.

வரிசையில் நிற்கும்போது மூன்று தடவை போன் வந்தது. ஆறுச்சாமி. "இன்னிக்குக் கடை இல்லீங்ணா." "கரண்ட்டு இல்லீங்ளா?" "இல்லீங்க."

டாக்டர் அறையில் அப்பா உட்காரவில்லை. "சொல்லுங்க, பையனுக்கு எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். எனக்குக் கொழுப்பு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"பீஸ் கட்டய எடுக்காம ஸ்டார்ட்டர்ல கை வெக்கப் போனானுங்க."

"புரியலீங்களே."

அப்பா சட்டைப் பையில் கை விட்டார். மூன்று பீங்கான் கட்டைகளையும் எடுத்து, டாக்டரின் மேசையில், நோயாளிச் சீட்டுகளுக்கு மேலே வைத்தார். "இதுங்க. இதப் பையில எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் கை வெக்கோணும். பத்து வயசுல சொல்லிக் குடுத்தனுங்க. இன்னி வரைக்கும் ஒருவாட்டி மறந்ததில்ல. தூக்கத்துல எழுப்பிச் சொன்னாக்கூட மொதல்ல இத எடுத்துட்டுத்தான் கண்ணே முழிப்பான். அன்னிக்கு எடுக்கல." நிறுத்தினார். "மறந்துட்டேங்கறான். எனக்கு மோட்டாரத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா இவன் மறக்க மாட்டானுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பி, போன தடவை கடைசியாகக் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டார்.

இந்தத் தடவை சுருக்கமாகச் சொல்லவில்லை. நேரம் ஆனது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே போகச் சொல்லியும் போகவில்லை.

டாக்டர் புது மாத்திரைகள் தந்தார். அவற்றை அப்பாவிடமே கொடுத்து, அவர் கையால் தினமும் தர வேண்டும், வாரம் தவறாமல் இரண்டு பேரும் வர வேண்டும் என்றார். அப்பா சீட்டையும் மாத்திரையையும் வாங்கினார். கட்டைகளை எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுக்கவில்லை, அவர் உட்கார்ந்தார்.

"இதச் சாப்ட்டா முன்னாட்ட ஆயிருவியா?" என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

"தெரீலீங்ப்பா."

"செரி."

பிறகு, "கடையில பசங்க?" என்று நான் கேட்டேன்.

"உக்காந்திருக்கட்டும். கட்ட என்ற கிட்டத்தான இருக்குது."

சோர்வு அப்படியேதான் இருந்தது. ஒன்றும் குறையவில்லை, அதை எழுதியாக வேண்டும். தலை சாய்ந்து அவர் தோளுக்குக் கீழே போய் நின்றது. சட்டைப் பையிலிருந்த பீங்கான் விளிம்பு கன்னத்தில் அழுத்தியது. வலித்தது. தலையை எடுக்கவில்லை.